கிட்டார்ல கார்ட் மாத்தும்போது தடுமாறுதா? எங்க மாட்டுதுன்னு பார்த்து சரி பண்ற வழி

கிட்டார் ஆரம்பிச்சு ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆனவங்க என்கிட்ட வந்து சொல்றது பெரும்பாலும் ஒண்ணுதான், "தனித்தனியா எல்லா கார்டும் வருதுண்ணே, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போறப்பதான் எல்லாம் போயிடுது." (கார்ட்னா பல சுரம் சேர்ந்து ஒலிக்கிற மாதிரி விரல்களை வெச்சுப் பிடிக்கிற பிடி.) உடனே அவங்களே காரணமும் சொல்லிடுவாங்க, என் விரல் ஸ்லோ, என் கை சின்னது, எனக்கு வயசாயிடுச்சு. நான் பார்த்தவரைக்கும் இந்த மூணும் காரணமா இருந்தது ரொம்ப அபூர்வம். முழு கையும் ஸ்லோவா இருக்காது, ஒரு ஜோடி கார்டுக்கு நடுவுல ஒரே ஒரு விரல் லேட்டா வரும், மத்த மூணும் அதுக்காக காத்துக்கிட்டு நிக்கும். இல்லன்னா கிட்டாரே சரியில்லாம இருக்கும். அந்த விரல் எது, அந்த ஜோடி எதுன்னு கண்டுபிடிக்காம பாட்டை முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் திருப்பித் திருப்பி வாசிச்சா, தப்பைத்தான் நல்லா பழகிப்போம்.

அதனால கீழ உங்களுக்கு என்ன நடக்குதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் காசு செலவில்லாத காரணத்தை முதல்ல வெச்சிருக்கேன், கடைக்கோ டாக்டர்கிட்டயோ போக வேண்டியது கடைசியில வரும்.

கம்பி நம்பர் ஒருதடவை சொல்லிடறேன். மெல்லிசா கீழ இருக்கிறது 1, தடியா மேல இருக்கிறது 6. ஃப்ரெட்னா கழுத்துல குறுக்க பதிச்சிருக்கிற உலோகக் கோடு, அதோட நம்பரைத் தலைப்பக்கத்துலேர்ந்து எண்ணணும். இடது கையால கார்ட் பிடிக்கிறவங்கன்னு வெச்சு எழுதறேன், மாத்திப் பிடிக்கிறவங்க கையை மாத்திப் படிச்சுக்கங்க.

## எதுக்கும் முன்னாடி மூணு நிமிஷ செக்

ட்யூன் பண்ணுங்க. போன்ல இருக்கிற இலவச ட்யூனர் ஆப்பே போதும். ட்யூன் இல்லாத கிட்டார்ல சரியா பிடிச்ச கார்டும் தப்பா கேக்கும், நீங்க விரலைத் தேடி நகத்திக்கிட்டே இருப்பீங்க.

அடுத்து கம்பியோட உயரம். 2013-ல சிங்கப்பூர்ல வந்த புது ஒரு வெள்ளி (டாலர்) காசு இருக்கில்ல, அதோட தடிமன் சுமார் 2.5 மில்லிமீட்டர். அதை 12-ஆவது ஃப்ரெட் கம்பி மேல, ஆறாவது கம்பிக்கு அடியில மெதுவா நுழைச்சுப் பாருங்க. உராய்ஞ்சுக்கிட்டு நின்னா ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்குக்கு உயரம் சரி. காசு தொளதொளன்னு ஆடுது, அதுமேல ஒரு பத்து சென்ட் காசையும் வெச்சா அதுவும் உள்ள போகுதுன்னா கம்பி ரொம்ப ஒசரம், நீங்க தேவையில்லாம ரெண்டு மடங்கு அழுத்திக்கிட்டு இருக்கீங்க. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதுல உயரம் இயல்பாவே கூட இருக்கும்.

மூணாவது, உக்கார்ற விதம். சோபாவுல சாஞ்சு, கிட்டாரை மல்லாத்தி வெச்சு, விரலை எட்டிப் பார்த்துக்கிட்டே வாசிச்சா மணிக்கட்டு மடங்கிடும். கைப்பிடி இல்லாத நாற்காலி, நேரான முதுகு, கிட்டாரோட தலைப்பக்கம் கொஞ்சம் மேல தூக்கினாப்ல. பாதிப் பேருக்கு இதுலயே ஒரு வித்தியாசம் தெரியும்.

## கார்ட் மாத்தும்போது தாளம் நின்னு போகுது

இதுதான் எல்லாத்துலயும் பெரிய கம்ப்ளைன்ட், அதனால இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

முதல்ல எந்தக் கை நிக்குதுன்னு பாருங்க. போனை எதிர்ல சாய்ச்சு வெச்சு ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க. இடது கை லேட்டாகுதுன்னு நீங்க நினைச்சிருப்பீங்க, வீடியோவுல பார்த்தா வலது கை நின்னுக்கிட்டு "நீ வா, அப்புறம் நான் அடிக்கிறேன்"னு காத்திருக்கும்.

வலது கை நிக்குதுன்னா, மருந்து இதுதான்: இடது கை வந்துச்சோ இல்லையோ, வலது கை நிக்கவே கூடாது. கார்ட் பாதிதான் பிடிச்சிருக்கீங்க, சத்தம் அசிங்கமா வருது, பரவாயில்ல, அடிங்க. மாத்துறதுக்கு முன்னாடி வர்ற கடைசி மேல்வீச்சுல விரலையெல்லாம் எடுத்துட்டு வெறும் கம்பியையே அடிக்கலாம், அனுபவசாலிங்களே அப்படித்தான் பண்றாங்க, கேக்கிறவங்களுக்குத் தெரியாது. தாளம் அறுந்தா மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இதை நம்பாம "முதல்ல சுத்தமா வரட்டும், அப்புறம் தாளம்"னு ஒத்திப் போடறவங்க ஆறு மாசம் கழிச்சும் அதே இடத்துல நிக்கிறாங்க.

வலது கை ஓடுது, ஆனா இடது கை நெஜமாவே லேட்டுன்னா, வேகத்தைப் பாருங்க. மெட்ரோனோம் (சீரா தாளம் தட்டுற கருவி இல்ல ஆப்) நிமிஷத்துக்கு 60-ல போடுங்க, ஒரு கார்டுக்கு நாலு அடி வேணாம், ஒரே ஒரு அடி, மிச்ச மூணு எண்ணிக்கை முழுக்க விரல் நகர்றதுக்குத்தான். அதுல சரியா போய் உக்காருதா? அப்ப ரெண்டு அடி, அப்புறம் மூணு. மூணு அடிச்சுட்டு நாலாவதுல மாறிட முடிஞ்சா பாட்டுக்குத் தயார். 60-லயே முடியலன்னா 50-க்கு இறக்குங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

வேகம் குறைச்சும் லேட்டுன்னா பிரச்சனை வழியில இருக்கு. மாத்தும்போது எல்லா விரலையும் கம்பியை விட்டு அப்படியே விரிச்சுத் தூக்கி, ஆகாசத்துல ஒரு வட்டம் போட்டுட்டுத்தான் கீழ வர்றீங்களான்னு அதே வீடியோவுல பாருங்க. விரல் கம்பியை விட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல எழவே தேவையில்ல. அதைவிட முக்கியம், சில விரல் எழவே வேணாம்.

அந்த எழவே வேணாத விரல் எதுன்னு ஜோடி ஜோடியா சொல்றேன், உங்களுக்கு மாட்டுற ஜோடியை மட்டும் எடுத்துக்கங்க.

ஏ மைனர் – சி: ஆள்காட்டியும் நடுவிரலும் அசையவே கூடாது. மோதிர விரல் மட்டும் மூணாவது கம்பி ரெண்டாவது ஃப்ரெட்லேர்ந்து அஞ்சாவது கம்பி மூணாவது ஃப்ரெட்டுக்குப் போகுது. ஆரம்பிக்கிறவங்க முதல்ல பழக வேண்டிய ஜோடி இதுதான்னு நான் சொல்வேன்.

ஏ மைனர் – ஈ: கை வடிவம் அப்படியே ஒண்ணுதான், மூணு விரலும் சேர்ந்து ஒரு கம்பி மேல ஏறுது. பிரிச்சு எடுத்து திருப்பி வெக்காதீங்க, மொத்தமா நகத்துங்க.

ஏ – டி: ஏ கார்டை ஆள்காட்டி, நடு, மோதிரம்னு வரிசையா பிடிச்சிருந்தா, மோதிர விரல் ரெண்டாவது கம்பியை விடாமலே ரெண்டாவது ஃப்ரெட்லேர்ந்து மூணாவதுக்கு வழுக்கிக்கிட்டே போகும். தண்டவாளத்துல போற மாதிரி அந்த ஒரு விரலைப் பிடிச்சுக்கிட்டு மத்த ரெண்டும் வரும்.

ஜி – சி: இது அழ வெக்கிற ஜோடி. நிறைய பேர் ஜி கார்டை நடுவிரல் ஆறாவது கம்பி, ஆள்காட்டி அஞ்சாவது கம்பி, மோதிரம் முதல் கம்பின்னு கத்துக்கறாங்க, அப்படிப் பிடிச்சா சி கார்டுக்குப் போக மூணு விரலும் இடம் மாறணும். அதுக்குப் பதிலா மோதிரத்தை ஆறாவது கம்பி மூணாவது ஃப்ரெட்லயும், நடுவிரலை அஞ்சாவது கம்பி ரெண்டாவது ஃப்ரெட்லயும், சுண்டு விரலை முதல் கம்பி மூணாவது ஃப்ரெட்லயும் வெச்சுப் பாருங்க. இப்ப சி கார்டுக்குப் போக மோதிரமும் நடுவிரலும் ஜோடியா ஒரு கம்பி கீழ இறங்கினா போதும், சுண்டு விரல் எழுந்துக்கும், ஆள்காட்டி வந்து உக்காரும். சுண்டு விரல் முதல்ல முரண்டு பண்ணும், ஒரு வாரம் பத்து நாள் பொறுத்துக்கங்க, அதுக்கப்புறம் பழைய பிடிக்குத் திரும்ப மாட்டீங்க.

சி – சின்ன எஃப்: சின்ன எஃப்னு நான் சொல்றது எஃப் மேஜர் செவன், பார் (ஆள்காட்டியைக் குறுக்க படுக்க வெச்சு எல்லா கம்பியையும் அழுத்துறது) இல்லாதது. சி கார்ட்ல இருக்கிற அதே மோதிர-நடுவிரல் ஜோடி இன்னும் ஒரு கம்பி கீழ இறங்கும், ஆள்காட்டி அசையாது. ஜி, சி, சின்ன எஃப் மூணையும் அடுத்தடுத்து வாசிச்சுப் பாருங்க, அந்த ஜோடி விரல் படிப்படியா இறங்குறது கைக்கே புரிஞ்சிடும்.

ஜி – டி: ஜி கார்டை நாலு விரலால பிடிக்கிற இன்னொரு விதம் இருக்கு, நடு ஆறாவது கம்பி, ஆள்காட்டி அஞ்சாவது, மோதிரம் ரெண்டாவது கம்பி மூணாவது ஃப்ரெட், சுண்டு முதல் கம்பி மூணாவது ஃப்ரெட். டி கார்டுக்குப் போகும்போது மோதிரம் அங்கயே இருக்கும். அதே மோதிரம், அதே சுண்டு அசையாம நடுவையும் ஆள்காட்டியையும் ஒரு கம்பி இறக்கினா சி ஆட் நைன், இதை சி வர்ற பல இடத்துல போட்டுக்கலாம்.

ஈ மைனரை எந்த விரலால பிடிக்கணும்னு கேப்பாங்க. அடுத்து வர்றது ஏ மைனர் இல்ல ஈன்னா நடுவும் மோதிரமும். அடுத்து வர்றது சி கார்டுன்னா ஆள்காட்டியும் நடுவும், அப்ப நடுவிரல் நாலாவது கம்பியில அப்படியே தங்கிடும். ஒரு கார்டுக்கு ஒரே பிடிதான்னு யாராவது சொல்லிக் குடுத்திருந்தா அதை விட்டுடுங்க, அடுத்து எங்க போறோம்கிறதுதான் பிடியை முடிவு பண்ணும்.

ஜோடி முடிவாயிடுச்சுன்னா, ஒரு நிமிஷ டைமர் வெச்சு அந்த ரெண்டு கார்டை மட்டும் மாத்தி மாத்தி அடிச்சு எத்தனை தடவை மாறுச்சுன்னு எழுதி வைங்க. 30 வந்தா மெதுவான பாட்டுக்குப் போதும், 60 வந்தா அந்த ஜோடியை மறந்துட்டு அடுத்ததுக்குப் போகலாம். தினமும் ரெண்டு மூணு ஜோடி, மொத்தம் பத்து நிமிஷம். ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல ரெண்டு மணி நேரம் வாசிக்கிறதைவிட இது நல்லா வேலை செய்யும்.

எப்ப ஆள் தேடணும்? அதே ஜோடியில மூணு வாரமா எண்ணிக்கை ஏறவே இல்லன்னா ஒரே ஒரு கிளாஸ் போங்க. பக்கத்து சமூக மன்றத்துல கிட்டார் கிளாஸ் நடக்குதான்னு விசாரிங்க, இல்ல தனியா சொல்லிக் குடுக்கிறவர்கிட்ட ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கங்க. போறப்ப "கிட்டார் கத்துக்கணும்"னு சொல்லாதீங்க, "எனக்கு ஜி-சி மாறல, பாருங்க சார்"னு சொல்லுங்க. வெளியிலேர்ந்து பார்க்கிறவருக்கு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

## விரல் ஒண்ணொண்ணா வந்து உக்காருது

தாளம் நிக்கல, ஆனா முதல்ல ஆள்காட்டி, அப்புறம் நடு, அப்புறம் மோதிரம்னு படிக்கட்டு மாதிரி வருது. பெரும்பாலும் சி கார்ட்லதான் இது.

காரணம் ஆள்காட்டிதான் எப்பவும் தலைவரா முன்னாடி ஓடுது. ஆனா நீங்க அடிக்கிறது தடிக் கம்பியிலேர்ந்து கீழ நோக்கி, அதனால முதல்ல தேவைப்படுறது தடிக் கம்பி மேல உக்கார்ற மோதிர விரல். அதை முதல்ல போட்டுப் பழகுங்க, மெல்லிசு கம்பி விரல் ஒரு நூலளவு லேட்டா வந்தாலும் காதுக்குத் தெரியாது.

அப்புறம் இந்தப் பயிற்சி, சத்தமே வேண்டாம். கார்டைப் பிடிங்க, அழுத்துங்க, அழுத்தத்தை மட்டும் விடுங்க, விரல் கம்பி மேலேயே இருக்கட்டும், திரும்ப அழுத்துங்க. பத்து தடவை. அப்புறம் ஒரு சென்டிமீட்டர் தூக்கி அதே வடிவத்துல மொத்தமா இறக்குங்க. அப்புறம் கையை முழங்கால் மேல கொண்டுபோய்ட்டு திரும்பி வந்து மொத்தமா இறக்குங்க. அடுக்குமாடி வீட்டுல ராத்திரி லேட்டா கிட்டார் அடிச்சா பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவு, ஆனா இதுக்கு சத்தமே இல்ல, வேலை முடிஞ்சு லேட்டா வர்றவங்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியல. என்எஸ்ல (தேசிய சேவையில) இருக்கிற பசங்க வாரக் கடைசியிலதான் கிட்டாரைத் தொடுறாங்க, அவங்க கிட்டார் இல்லாமலே முன்னங்கையைக் கழுத்தா நெனைச்சு வடிவத்தைப் போட்டுப் பார்த்தாலும் பலன் இருக்கு.

இதுக்கு கடைக்காரரும் வேணாம், வாத்தியாரும் வேணாம். நாள்தான் வேணும்.

## கார்ட் மாறிடுச்சு, ஆனா சத்தம் செத்துப் போகுது, இல்லன்னா ஜிர்ருங்குது

மாறினதும் அப்படியே நிறுத்தி, ஒவ்வொரு கம்பியா தனித்தனியா மீட்டுங்க. எந்தக் கம்பி சாகுதுன்னு தெரிஞ்சாத்தான் மேல போக முடியும்.

கம்பி "டொக்"னு செத்து விழுந்தா, பக்கத்து விரலோட சதை அதுமேல படுது. விரல் படுத்துக் கிடக்கு, நுனியில நிக்க வைங்க. நகம் நீளமா இருந்தா நுனியில நிக்கவே முடியாது, இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்க. உள்ளங்கை கிட்டார் கழுத்தோட அடிப்பக்கத்துல ஒட்டிக்கிட்டு முதல் கம்பியைத் தொடுதான்னும் பாருங்க, சி கார்ட்லயும் டி கார்ட்லயும் இது அடிக்கடி நடக்கும்.

ஜிர்ருன்னு அதிர்ந்தா, விரல் ஃப்ரெட் கம்பியிலேர்ந்து ரொம்ப தூரத்துல இருக்கு. ஃப்ரெட்டுக்கு ஒட்டி, அதுக்கு முன்னாடி வைங்க, பாதி பலம் போதும். நின்ன இடத்துல சரியா வருது, மாறி வந்தா மட்டும் ஜிர்ருங்குதுன்னா நீங்க அவசரத்துல அரை ஃப்ரெட் பின்னாடி இறங்குறீங்க, மறுபடி மெட்ரோனோமைக் குறைங்க.

விரல் எல்லாம் சரி, ஆனாலும் ஜிர்? கம்பியைத் தடவிப் பாருங்க. சொரசொரப்பா, கறுப்பா, துரு வாசனை வந்தா மாத்திடுங்க, ஒரு செட் பத்து இருபது வெள்ளிக்குள்ள கிடைக்கும். நம்ம ஊர் ஈரத்துலயும் கை வேர்வையிலயும் ஸ்டீல் கம்பி சீக்கிரம் போயிடும், வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால துடைக்கிறது ஆயுளைக் கூட்டும். புதுசு வாங்குறப்ப 12-க்குப் பதிலா 11 இல்ல 10-ல ஆரம்பிக்கிற செட் கேளுங்க (இது கம்பியோட தடிமன் நம்பர்), மெல்லிசா இருக்கும், விரலுக்கு லேசு. ஒரு எச்சரிக்கை, நைலான் கம்பி கிட்டார்ல ஸ்டீல் கம்பி போடவே போடாதீங்க, அந்த இழுவையைத் தாங்காம பிரிட்ஜ் (உடம்பு மேல கம்பியைப் பிடிச்சு வெக்கிற கட்டை) பிச்சுக்கும்.

புதுக் கம்பி போட்டும் ஒரே ஒரு ஃப்ரெட்ல மட்டும், எந்த விரல் வெச்சாலும் ஜிர்ருங்குதுன்னா ஃப்ரெட் தேய்ஞ்சிருக்கு இல்ல மேல எழும்பியிருக்கு. இது வீட்டுல பண்ற வேலை இல்ல. சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் மாதிரி இடத்துல கிட்டார் கடைங்க இருக்கு, கிட்டாரைக் காட்டி "செட்-அப் பண்ணணும், என்னென்ன பண்ணுவீங்க, எவ்வளவு ஆகும்"னு முன்னாடியே கேட்டுக்கங்க. கிட்டார் வாங்கின விலையைத் தாண்டுற மாதிரி சொன்னா வேற கிட்டாரைப் பாக்குறதே நல்லது.

## எஃப் வந்தாலே எல்லாம் முடிஞ்சுது

பாட்டு முழுக்க நல்லா போகும், எஃப் வரும், நின்னுடும். பி மைனரும் இதே ஜாதி.

முதல் கேள்வி, இந்தப் பாட்டுக்கு இப்ப பார் எஃப் வேணுமா? சின்ன எஃப் வெச்சு பாட்டை ஓட்டிக்கிட்டே தனியா பாரைப் பழகுங்க. பார் வர்ற வரைக்கும் பாட்டே வேணாம்னு உக்காந்தவங்க நிறைய பேர் கிட்டாரை அலமாரியில வெச்சுட்டாங்க, அது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

ரெண்டாவது, ஆள்காட்டியால ஆறு கம்பியையும் இரும்பு மாதிரி அழுத்தணும்னு நினைக்கிறீங்களா? தேவையில்ல. எஃப்ல 5, 4, 3 கம்பியை மத்த விரலுங்க பார்த்துக்குது, ஆள்காட்டிக்கு வேலை 6, 2, 1-ல மட்டும்தான். விரலை தட்டையா வெக்காம கட்டை விரல் பக்கமா லேசா சாய்ச்சு, எலும்பு இருக்கிற ஓரம் படற மாதிரி வைங்க. கட்டை விரலால நெரிக்காதீங்க, அது கழுத்துக்குப் பின்னாடி நடுவுல நின்னா போதும், முழங்கையைப் பின்னாடி இழுக்கிற பலம் வரட்டும்.

மூணாவதா ஒரு நல்ல செக். அதே எஃப் வடிவத்தை அஞ்சாவது ஃப்ரெட்ல பிடிங்க, அது ஏ கார்ட். அங்க சுத்தமா வருதா? வரலன்னா கை இன்னும் பழகல, அங்கயே பழகிட்டு தினம் ஒரு ஃப்ரெட்டா கீழ வாங்க. அஞ்சாவதுல அருமையா வருது, முதல் ஃப்ரெட்ல மட்டும் உயிர் போகுதுன்னா உங்க கை மேல தப்பே இல்ல, நட் (தலைப்பக்கத்துல கம்பிங்க உக்கார்ற பள்ளம் வெட்டின சின்னப் பட்டை) ஒசரமா இருக்கு. இன்னும் உறுதி பண்ண, ஒரு கேப்போவை (எல்லா கம்பியையும் சேர்த்து அழுத்துற கிளிப்) முதல் ஃப்ரெட்ல மாட்டிட்டு சாதாரண கார்டையெல்லாம் வாசிங்க. திடீர்னு எல்லாம் வெண்ணெய் மாதிரி வந்துச்சுன்னா அதேதான். விலை கம்மியான புது கிட்டார்ல இது ரொம்ப சகஜம். நட்டை அறுக்கிறது தெரிஞ்சவர் கையில இருக்கணும், ஒரு இழுப்பு கூடப் போனா கம்பி முதல் ஃப்ரெட்ல இடிச்சு நட்டையே மாத்த வேண்டி வரும். அதனால அரத்தை எடுக்காம கடைக்கு எடுத்துட்டுப் போங்க. போற வரைக்கும் கேப்போவோட பழகலாம், ஒரு நஷ்டமும் இல்ல.

பிள்ளைங்க விஷயத்துல ஒண்ணு. ஸ்கூல் சிசிஏ (இணைப்பாட நடவடிக்கை) கிட்டார் குழுவுல பெரும்பாலும் நைலான் கம்பி கிளாசிக்கல்தான், அதோட கழுத்து நட் பக்கத்துல சுமார் 52 மில்லிமீட்டர் அகலம், ஸ்டீல் கம்பி கிட்டார்ல சுமார் 43. பிரைமரி படிக்கிற பிள்ளை முழு சைஸ் கிளாசிக்கல்ல பார் பிடிக்கத் திணறினா அது சோம்பேறித்தனம் கிடையாது, முக்கால் சைஸ் கிட்டார் குடுத்துப் பாருங்க.

## ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல

நேத்து வந்தது இன்னிக்கு வரலன்னா முதல்ல கையைத் தொட்டுப் பாருங்க. ஏர்கான் ரூம்ல ஜில்லுன்னு ஆன விரல் மடங்காது, வெதுவெதுப்பான தண்ணியில ஒரு நிமிஷம் வெச்சு எடுங்க.

கை சரின்னா கிட்டார். வானிலை ஆய்வகத்தோட கணக்குல நம்ம ஊர் ஈரப்பதம் விடியக்காலையில 90 சதவீதத்துக்கு மேல போகும், மழை இல்லாத நாள்ல மத்தியானம் 60 சதவீதம் பக்கம் இறங்கும். கிட்டார் மரத்துக்குப் பிடிச்சது 45-லேர்ந்து 55. ஈரத்தைக் குடிச்சா மேல்பலகை உப்பும், பிரிட்ஜ் ஏறும், கம்பி ஒசரும், அந்த ஒரு வெள்ளி காசு டெஸ்ட் மழைக்காலத்துல வேற பதில் சொல்லும். சாலிட் மரப்பலகை கிட்டார்ல இது கூடவும் லேமினேட்ல (ஒட்டுப்பலகையில) கம்மியாவும் இருக்கும்.

கிட்டாரை ஜன்னல் ஓரத்துலயும் ஏர்கான் காத்து நேரா படற இடத்துலயும் வெக்காதீங்க. உறைக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி, இது போதும். அலமாரியில தொங்க விடுற, தண்ணி சேர்ற டப்பா இருக்கே, அதை கிட்டார் உறைக்குள்ள போடாதீங்க, சாய்ஞ்சு அந்தத் தண்ணி கொட்டுனா மரத்துக்கும் கம்பிக்கும் கேடு. அது அலமாரியில இருக்கட்டும்.

ஒரு காகிதத்தோட ஓரத்தை பிரிட்ஜுக்குப் பின்பக்கம் அடியில நுழைச்சுப் பாருங்க. உள்ள போச்சுன்னா பிரிட்ஜ் கழண்டுக்கிட்டு வருது, அன்னிக்கே கம்பியையெல்லாம் தளர்த்திட்டு ரிப்பேருக்குக் குடுங்க. இதுல மட்டும் தள்ளிப் போடாதீங்க.

## தனியா வருது, பாட்டோடயோ ஆளுங்களோடயோ வரல

வீட்டுல எல்லாம் வருது, சர்ச் கொயர்லயோ பஜனையிலயோ தீபாவளிக்கு மாமா வீட்டுல பாடறப்பவோ உக்காந்தா கை கட்டிப்போட்ட மாதிரி ஆயிடுது.

நீங்க தனியா வாசிக்கிறப்ப கஷ்டமான இடத்துல உங்களுக்கே தெரியாம தாளத்தை இழுத்துக்கறீங்க, பாடறவங்க இழுக்க மாட்டாங்க. ஒரு தடவை மெட்ரோனோமோட முழு பாட்டையும் வாசிச்சுப் பார்த்தா எங்க இழுக்கறீங்கன்னு தெரியும், அந்த ஜோடிக்குத்தான் மேல சொன்ன ஒரு நிமிஷப் பயிற்சி. யூட்யூப்ல பாட்டோட வேகத்தை 0.75-க்கு இறக்கிக் கூட வாசிங்க, அங்க நிக்காம போனாத்தான் முழு வேகம்.

கூட வாசிக்கிறப்ப மாட்டிக்கிட்டா அந்தக் கார்டை முழுசா விட்டுடுங்க, வலது கையை ஓட்டிக்கிட்டே அடுத்த கார்ட்ல போய் காத்திருங்க. விட்ட கார்டைத் துரத்திப் பிடிக்கப் போனா அதுக்கடுத்ததும் போயிடும். நம்ம சினிமாப் பாட்டுல ஆறு எட்டு (6/8) தாளத்துல வர்றது நிறைய, அதுல சில இடத்துல பாதி ஆவர்த்தத்துலயே கார்ட் மாறும், ஆரம்பத்துல ஆவர்த்தத்தோட முதல் அடியில வர்ற கார்டை மட்டும் வாசிச்சு நடுவுல வர்றதை விட்டாலும் பாட்டு நிக்கும்.

பாடறவங்க சுருதிக்காக எஃப், பி ஃப்ளாட்னு வந்து விழுந்தா கேப்போ போட்டு ஜி, சி, டி வடிவத்துக்குக் கொண்டு வாங்க. பாடகருக்கும் உங்களுக்கும் ரெண்டு பேருக்கும் நிம்மதி.

## வலிக்குது

விரல் நுனி மட்டும் எரியுது, சிவக்குதுன்னா அது இயல்பு. சில வாரத்துல தோல் தடிச்சுடும். வலி வந்ததும் நிறுத்திட்டு சாயங்காலம் திரும்ப எடுங்க, பத்துப் பத்து நிமிஷமா பிரிச்சுக்கங்க. கொப்புளம் வந்தா அது ஆறுற வரைக்கும் தொடாதீங்க, தண்ணியில ஊறின விரலோட வாசிக்காதீங்க, தோல் கிழியும். நாள் போயும் நுனி வலி குறையலன்னா முதல்ல சொன்ன காசு டெஸ்ட்டுக்குத் திரும்பிப் போங்க.

கட்டை விரலோட அடிப்பக்கச் சதை வலிக்குதுன்னா கழுத்தை நெரிக்கிறீங்க. செக் பண்ண, கட்டை விரலை முழுசா எடுத்துட்டு ஈ மைனரைப் பிடிச்சுப் பாருங்க. கையோட எடையிலேயே சத்தம் வரணும். அவ்வளவு பலம்தான் எப்பவும் தேவை.

மணிக்கட்டுல வலி, விரல் மரத்துப் போறது, குறுகுறுன்னு ஊசி குத்துறது, மடக்கின விரல் டக்குன்னு மாட்டிக்கிட்டு நிமிர மறுக்கிறது, கட்டை விரல் பக்கம் மணிக்கட்டுல சுரீர்னு இழுக்கிறது, இதெல்லாம் பழகிப்போற வலி இல்ல. நாள் முழுக்க கீபோர்டும் போனும் பிடிக்கிற கையில இது சீக்கிரம் வரும். கிட்டாரை வெச்சிடுங்க. சில நாள் ஓய்வுலயும் போகலன்னா, இல்ல ராத்திரி மரத்துப் போய் தூக்கத்துல முழிப்பு வருதுன்னா பாலிகிளினிக்குக்கோ உங்க குடும்ப டாக்டர்கிட்டயோ போங்க, கிட்டார் வாசிக்கிறதை மறக்காம சொல்லுங்க, அவங்க தேவைப்பட்டா ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதிக் குடுப்பாங்க, பாலிகிளினிக் வழியா போனா மானியக் கட்டணம் கிடைக்கும். டாக்டர் சரின்னு சொன்னப்புறம் திரும்ப ஆரம்பிக்கிறப்ப பார் கார்டைக் கடைசியில சேருங்க, முதல்ல ஈ மைனர், ஏ மைனர், அஞ்சு அஞ்சு நிமிஷம்.